ஆங்கிலத்தைத் தேர்ந்தவர் யார்? கல்லூரி நுழைவும் பள்ளி ஆங்கிலமும்: 1839 முதல் இன்றுவரை

கௌரி விஸ்வநாதனின் ‘மாஸ்க்ஸ் ஆஃப் கான்க்வெஸ்ட்’ 1989இல் வெளிவந்த பிறகு, இந்தியாவில் ஆங்கிலக் கல்வி வேரூன்றிய கதையைப் பலரும் அந்நூலின் கோணத்திலிருந்தே சொல்லிவருகிறார்கள். அவருடைய வாதம் வலுவானது. 1813ஆம் ஆண்டின் சாசனச் சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் மீது கல்விப் பொறுப்பைச் சுமத்தியது. சமய நடுநிலைமையைக் கைவிட முடியாத ஆட்சியாளர்களுக்கு, கிறித்துவ ஒழுக்கத்தை மறைமுகமாகப் புகட்டும் கருவியாக ஆங்கில இலக்கியம் வாய்த்தது. இங்கிலாந்திலேயே தனித்துறையாக நிலைபெறுவதற்கு முன்பு அது இங்கே பாடத்திட்டமாகிவிட்டது. ஆட்சியாளரின் நோக்கத்தைப் பற்றிய இந்த வாசிப்போடு எனக்குப் பெரிய பிணக்கு இல்லை. பிணக்கு, அந்த நோக்கத்தையே வரலாறு முழுவதற்கும் விளக்கமாக நீட்டுவதில்தான் இருக்கிறது. இந்தியர்கள் அந்தப் பாடத்தை எப்படி ஏற்றார்கள் என்ற கேள்வியைத் தம் நூல் எடுத்துக்கொள்ளவில்லை என்று அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். எடுத்துக்கொள்ளாத கேள்வியின் இடத்தில் காலப்போக்கில் ஒரு விடை வந்து உட்கார்ந்துவிட்டது: ஆங்கிலம் மேலிருந்து திணிக்கப்பட்டது, மாணவர் அதை வாங்கிக்கொண்டார். சென்னை மாகாணத்துச் சான்றுகள் இதற்கு இணங்கவில்லை. எவ்வளவு ஆங்கிலம், எந்த ஆங்கிலம் என்பதை இங்கே ஒவ்வொரு கட்டத்திலும் தீர்மானித்தது அடுத்த வாசலின் விதி. அந்த விதியை மாணவரும் பெற்றோரும் கூர்ந்து படித்தே பாடத்தைத் தேர்ந்தார்கள் என்பது என் வாதம்.

முதல் சான்று 1839ஆம் ஆண்டு நவம்பரில் ஆளுநர் எல்பின்ஸ்டன் பிரபுவிடம் அளிக்கப்பட்ட மனு. சென்னைவாசிகள் ஏறத்தாழ 70,000 பேர் கையொப்பமிட்ட அந்த மனுவை அரசுத் தலைமை வழக்கறிஞர் ஜார்ஜ் நார்ட்டன் முன்வைத்தார். பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் முதலில் வந்தவர்கள் தாங்களே என்றும், கல்விக்கான அரசு ஆதரவில் தாங்களே கடைசியில் நிறுத்தப்பட்டிருக்கிறோம் என்றும் அது முறையிடுகிறது. 1841இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயரால் உயர்நிலைப் பள்ளி திறக்கப்பட்டதற்கு இந்த மனுவே உடனடிக் காரணம். திணிக்கப்பட்டதாகச் சொல்லப்படும் ஒன்றைக் கேட்டு இத்தனை கையொப்பங்கள் ஏன் திரண்டன? கையொப்பமிட்டவர்களில் எத்தனை பேருக்கு மனுவின் ஆங்கில வாசகம் புரிந்திருக்கும் என்று கேட்பது நியாயமே. முன்னின்றவர்கள் நகரத்து வணிகரும் உத்தியோகத்தரும் என்பதும் உண்மை. ஆயினும் அந்த மறுப்பு என் வாதத்தைக் குலைக்கவில்லை. மனுவின் மையத்தில் இருப்பது ஷேக்ஸ்பியரோ மில்டனோ அல்ல, மற்ற மாகாணங்களுக்குக் கிடைத்த வாய்ப்புத் தங்களுக்குக் கிடைக்கவில்லை என்ற குறை. ஐந்தாண்டுக்குள், 1844இல், அரசுப் பணிகளில் ஆங்கிலக் கல்வி பெற்றவர்களுக்கு முன்னுரிமை தரும், தலைமை ஆளுநர் ஹார்டிஞ்சின் தீர்மானம் வந்தது. மனுதாரர்கள் காலத்தைச் சரியாகவே கணித்திருந்தார்கள்.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியதும் வாசலுக்கு ஒரு பெயர் கிடைத்தது: மெட்ரிகுலேஷன். 1911இல் அதன் இடத்துக்கு வந்த எஸ்.எஸ்.எல்.சி. முறையை ஆய்வாளர்கள் போதிய அளவு கவனிக்கவில்லை. தொடக்கத்தில் அந்தச் சான்றிதழ் தேர்ச்சி, தோல்வி என்று அறிவிக்கவில்லை. மதிப்பெண்களைப் பதிவு செய்து கொடுத்தது. எவர் கல்லூரிப் படிப்புக்குத் தகுதியுடையவர் என்பதைப் பல்கலைக்கழகம் தனியே முடிவு செய்தது. பள்ளிப் படிப்பை முடிப்பது ஒன்று, கல்லூரிக்குத் தகுதி பெறுவது வேறொன்று என்ற பிளவு இங்கேதான் தெளிவாகத் தெரிகிறது. விருப்பப் பாடத்தை அறிவுக்காக மட்டுமன்றி அடுத்த வாசலுக்காகவும் தேரும் பழக்கம் இந்தப் பிளவின் பிள்ளை.

வாசலை நோக்கி ஊராரே பள்ளி கட்டியதைக் காட்ட, விருதுநகரை இந்த இடத்தில் கொண்டுவருவது அவசியம். அங்குள்ள சத்திரிய வித்தியாசாலை என்னும் பள்ளியின் தொடக்க ஆண்டை 1885 என்று எழுதுவோர் உண்டு, 1889 என்று எழுதுவோரும் உண்டு. இரண்டில் ஒன்றை நான் இங்கே உறுதியாகப் பற்றவில்லை. என் வாதம் இந்த நான்காண்டு வேறுபாட்டைச் சார்ந்ததும் அன்று. நாடார் உறவின்முறை, மகமை என்னும் வணிகப் பங்களிப்பாலும் பிடியரிசியாலும் அந்தப் பள்ளியை வளர்த்தது என்பதுதான் முக்கியம். பருத்தியும் மிளகாய் வத்தலும் விற்ற ஊரில் கணக்கெழுதத் திண்ணைப் பள்ளியே போதும். அது போதாதென்று வீட்டுக்கு வீடு அரிசி திரட்டி உயர்நிலைப் பள்ளிவரை கட்டியவர்கள், கடைக்கு அப்பால் ஒரு வாசலை மனத்தில் வைத்தே கட்டினார்கள் என்று நான் கொள்கிறேன். இது ஊகம்தான், நேர்ச் சான்று மெலிது. ஆனால் எதிர்த்தரப்பு விளக்கம் இதைவிட மெலிது. இந்தப் பள்ளியைக் கட்டியது கம்பெனியும் அல்ல, மிஷனும் அல்ல. ஊரிலேயே கல்லூரி அமைந்தது 1947இல், செந்திக்குமார நாடார் கல்லூரியாக. சிவகாசியில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963இல் வந்தது. தத்தம் ஊரில் கல்லூரி வரும்வரை, இவ்வூர்ப் பிள்ளைகளுக்குக் கல்லூரி என்றால் வெளியூர்தான்.

1978இல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது விதி தலைகீழானது. ஆங்கிலம் பகுதி இரண்டில் எல்லோருக்கும் கட்டாயப் பாடமாயிற்று. ஆனால் பொறியியல், மருத்துவ இடங்களைத் தீர்மானிக்கும் கணக்கிலிருந்து விலகி நின்றது. 1984இல் வந்த நுழைவுத் தேர்விலும் ஆங்கிலம் இல்லை. 2007இல் அத்தேர்வு நீங்கிய பின் பொறியியல் கட்ஆஃப் கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200 ஆனது. அதிலும் ஆங்கிலம் இல்லை. விருதுநகருக்கும் சிவகாசிக்கும் இடையில் இருக்கும் ஆமத்தூரில், பட்டாசு ஆலைக்குப் போகும் பெற்றோரின் பிள்ளை பொறியியலை நோக்கிப் படிக்கையில், ஆங்கிலத்துக்குச் செலவிடும் கூடுதல் ஒரு மணி நேரத்துக்கு அந்தக் கணக்கில் மதிப்பே கிடையாது. ஆங்கிலத்தின் மீதுள்ள மோகமே தமிழ்நாட்டுக் கல்வியை இயக்குகிறது என்போர் இந்த முரணுக்கு விடை சொல்ல வேண்டும்.

இந்தக் கட்டுரை ஊன்றி நிற்க விரும்புவது ஒரு சிறு விதியில். அரசு கலை அறிவியல் கல்லூரிகளின் சேர்க்கையில் அண்மை ஆண்டுகளில் மூன்று தரவரிசைகள் வெளியாகின்றன: தமிழ் இலக்கியத்துக்குத் தமிழ் மதிப்பெண் 100க்கு, ஆங்கில இலக்கியத்துக்கு ஆங்கில மதிப்பெண் 100க்கு, மற்றப் பாடங்களுக்குப் பகுதி மூன்றின் நான்கு பாடங்கள் 400க்கு. மாணவர் கம்யூனிகேட்டிவ் இங்கிலீஷ் என்று சொல்லும் தொடர்பு ஆங்கிலம் மேல்நிலையில் பகுதி மூன்றின் விருப்பப் பாடம். விதியை இதனோடு சேர்த்துப் படித்தால் விந்தையான விளைவு தெரிகிறது. ஈராண்டு கூடுதலாக ஆங்கிலம் படித்த மாணவியின் அந்த மதிப்பெண் பி.காம். இடத்துக்கும் பி.ஏ. வரலாற்று இடத்துக்கும் நானூற்றில் நூறாக எண்ணப்படுகிறது. பி.ஏ. ஆங்கிலத்துக்கு அவர் விண்ணப்பித்தாலோ, எல்லோரும் எழுதிய கட்டாயத் தாளின் மதிப்பெண்ணே அவருக்கும் அளவுகோல். கூடுதல் ஆங்கிலம் ஆங்கிலத்துறையின் வாசலில் எண்ணப்படாமல், மற்ற வாசல்களில் எண்ணப்படுகிறது. அப்பாடத்தைப் பலரும் நாடாததற்கு மாணவரின் ஆர்வமின்மையைக் காரணம் காட்டுவது, விதியைப் படிக்காமல் சொல்லும் தீர்ப்பு.

இரண்டு மறுப்புகளை எதிர்பார்க்கிறேன். பாடத்தைத் தேர்வது மாணவர் அல்ல, பள்ளி. பள்ளி தரும் பாடக் குழுவுக்குள்தான் அவர் தேர முடியும் என்பது முதலாவது. உண்மை. ஆனால் பள்ளியும் அதே சேர்க்கைக் கணக்கைப் பார்த்தே குழுக்களை அமைக்கிறது. விதியின் அழுத்தம் ஒரு படி மேலேறியிருக்கிறது, அவ்வளவே. இரண்டாவது கடினமானது: கட்ஆஃபில் ஆங்கிலத்துக்கு இடமில்லை என்றால், ஆங்கிலவழிப் பள்ளிகளுக்கு ஏன் இந்தக் கூட்டம்? அரசுப் பள்ளிகளிலேயே 2012–13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாகத் திறக்கப்பட்டனவே? இதற்கு என் விடை பாதிதான். ஆங்கிலவழியைத் தேரும் பெற்றோர் பார்ப்பது பன்னிரண்டாம் வகுப்பின் வாசலை அல்ல, கல்லூரி வகுப்பறையையும் அதற்குப் பின்னுள்ள நேர்முகத் தேர்வையும். அவர்களும் வாசலைப் பார்த்தே தேர்கிறார்கள், வாசல்தான் வேறு. இதில் கௌரவத்தின் பங்கு எவ்வளவு என்பதைச் சேர்க்கை விதிகளை வைத்து மட்டும் அளந்துவிட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

விதி மாறினால் தேர்வும் மாறும் என்பதற்கு வெளியிலிருந்து ஓர் எடுத்துக்காட்டு: அமெரிக்காவில் 1955 முதல் காலேஜ் போர்டு என்ற அமைப்பு நடத்திவரும் ஏபி (அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட்) முறையில், ஆங்கிலத்தில் மொழிக்கொன்று, இலக்கியத்துக்கொன்று என இரு உயர்நிலைப் பாடங்கள் உண்டு. பல கல்லூரிகள் மதிப்பெண்ணோடு, மாணவர் எடுத்த பாடத்தின் கடினத்தையும் பார்க்கின்றன. எங்கே கடினம் கவனிக்கப்படுகிறதோ அங்கே மாணவர் கடினத்தைத் தேர்கிறார். அந்த முறை வசதியுள்ள பள்ளிகளுக்கே சாதகம் என்ற விமர்சனமும் அங்கே உண்டு. அதை அப்படியே இங்கே நடுவது தவறாகும். ஆனால் ஆங்கில இலக்கியச் சேர்க்கையில் தொடர்பு ஆங்கிலம் படித்தவருக்குச் சிறு மதிப்பு தருவதற்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. சிறப்புத் தமிழ் படித்தவர்களுக்குத் தமிழ் இலக்கியப் பட்டப்படிப்பில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் வழி நம் பல்கலைக்கழக விதிகளிலேயே இருந்திருக்கிறது. 1839இன் மனுதாரரும், பிடியரிசி அளந்த வீட்டாரும், இன்றைய ஆமத்தூர் மாணவரும் தங்கள் காலத்து விதியைத் தெளிவாகப் படித்தவர்கள். மேல்நிலையில் ஆழ்ந்த ஆங்கிலம் வேண்டுமென்று நாம் கருதினால், திருத்த வேண்டியது அவர்கள் மனத்தை அல்ல, தரவரிசை விதியை.