சுவருக்குள் ஓடிய கம்பி: பல அறைத் தொலைக்காட்சியின் வரலாறு

ஒரு வீட்டின் கூடத்தில் பதிவாகும் நிகழ்ச்சியைப் படுக்கையறையிலோ மாடியறையிலோ இருப்பவர் தம் பெட்டியில் விரும்பிய நேரத்தில் பார்க்க வழிசெய்யும் ஏற்பாடே வீட்டு ஊடக வலையமைப்பு எனப்படுகிறது. கணினியும் இணையமும் வீடுகளுக்குள் வந்த பின்னரே இது பிறந்தது என்று பொதுவாகக் கருதப்பட்டாலும், ஒரே அலையைப் பல பெட்டிகளுக்குப் பங்கிட்டுத் தரும் கலை அமெரிக்காவில் 1940களின் இறுதியிலேயே உருவாகிவிட்டது. அன்று அதற்கெனத் தேர்ந்துகொள்ளப்பட்ட கோஆக்சியல் கம்பிதான், இடையில் வந்த கருவிகளெல்லாம் வழக்கொழிந்த பிறகும், அரை நூற்றாண்டு கழித்து வீட்டு வலையமைப்பையும் தாங்கி நின்றது.

1948 செப்டம்பரில் அமெரிக்கக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் புதிய தொலைக்காட்சி நிலையங்களுக்கு உரிமம் வழங்குவதை நிறுத்திவைத்தது. 1952 ஏப்ரல் வரை நீடித்த அந்தத் தடையால், பெருநகரங்களுக்கு அப்பால் மலைகளுக்கு நடுவே இருந்த ஊர்களுக்குச் சொந்த நிலையம் கிடைக்கும் வாய்ப்பு இல்லாமல் போயிற்று. ஆரிகன் மாநிலத்தின் அஸ்டோரியாவில் வானொலி நிலையம் நடத்திவந்த எட் பார்சன்ஸ், ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சியாட்டில் நகரின் முதல் நிலையம் 1948 நவம்பரில் ஒளிபரப்பைத் தொடங்கியபோது, ஓர் உயரமான ஓட்டலின் கூரையில் ஆன்டெனாவை நிறுத்தி, அங்கிருந்து தம் குடியிருப்புக்குக் கம்பி இழுத்துப் படத்தை வரவழைத்தார். பார்க்க வந்தவர்களால் வீடு நிரம்பவே, ஓட்டலின் முன்கூடத்துக்கும் பக்கத்துக் கடைக்கும் அதே கம்பியை நீட்டினார். பென்சில்வேனியாவின் மகனாய் சிட்டியில் வீட்டு உபயோகப் பொருள்கள் விற்ற ஜான் வால்சன், அதே ஆண்டு ஜூன் மாதத்திலேயே மலையுச்சியிலிருந்து கம்பி கொண்டுவந்ததாகக் கூறினார். முதன்மை யாருக்கு என்பதில் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. 1950இல் அதே மாநிலத்தின் லான்ஸ்ஃபோர்டில் ராபர்ட் டார்ல்டன் தொடங்கிய பாந்தர் வேலி டெலிவிஷன், கட்டணம் வாங்கி ஊர் முழுவதற்கும் இணைப்பு தந்து, கேபிள் தொழிலுக்கு முன்மாதிரியாக அமைந்தது. அதற்கான பெருக்கிகளை, அதாவது தேய்ந்த அலைக்கு மீண்டும் வலுவூட்டும் கருவிகளைத் தந்த ஜெரால்ட் எலெக்ட்ரானிக்ஸ், ஒரே ஆன்டெனாவிலிருந்து அடுக்குமாடிக் கட்டடத்தின் பல பெட்டிகளுக்கு அலை வழங்கும் கருவிகளையும் செய்துவந்தது. அதன் நிறுவனர் மில்டன் ஷாப் பின்னாளில், 1971 முதல் 1979 வரை, அம்மாநிலத்தின் ஆளுநராக இருந்தார்.

கோஆக்சியல் கம்பி நிலைத்ததற்குக் காரணம் அதன் அமைப்பே. நடுவில் ஒரு செம்புக் கம்பி, அதைச் சுற்றி வெண்ணிறக் காப்புப் பொருள், அதன்மேல் உலோகப் பின்னல், எல்லாவற்றுக்கும் வெளியே கறுப்பு உறை என நான்கு அடுக்குகள் கொண்ட அந்தக் கம்பியில், உலோகப் பின்னல் உள்ளே செல்லும் அலை வெளியே கசியாமலும் வெளியிலுள்ள இரைச்சல் உள்ளே நுழையாமலும் காக்கிறது. முன்னர்ப் பயன்பட்ட தட்டையான இரட்டைக் கம்பியோ மழையில் நனைந்தாலும் இரும்புக் குழாயை ஒட்டிச் சென்றாலும் அலையை இழந்தது. 1950களின் தொடக்கத்தில் ஜெரால்ட் நிறுவனத்தின் எரிக் வின்ஸ்டன் உருவாக்கிய எஃப் கனெக்டர், நடுச் செம்புக் கம்பியையே இணைப்பின் ஊசியாகப் பயன்படுத்தியதால் மலிவாகவும் எளிதாகவும் அமைந்து, வீடுதோறும் பரவியது. ஒரு கம்பியை அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஸ்பிளிட்டரில் அலை பங்குபோடப்படுவதால், இரண்டாகப் பிரித்தால் ஒவ்வொரு பங்கும் பாதிக்குச் சற்றுக் குறைவாகவும் நான்காகப் பிரித்தால் கால்பங்குக்கும் குறைவாகவும் கிடைக்கும். அறைகள் கூடக்கூடப் படம் புள்ளிபுள்ளியாக மங்கியதற்கும், வீட்டுக்குள்ளேயே பெருக்கி தேவைப்பட்டதற்கும் இதுவே காரணம்.

அந்நாளில் ஒவ்வொரு பெட்டியும் தனக்கு வேண்டிய அலைவரிசையைத் தானே தெரிவுசெய்துகொண்டதால் அறைக்கு ஒரு நிகழ்ச்சி பார்ப்பது இயல்பாக நடந்தது. கட்டண அலைவரிசைகள் பூட்டிய வடிவில் வரத் தொடங்கி, பூட்டைத் திறக்கும் செட்டாப் பாக்ஸ் கட்டாயமானதும் அந்த உரிமை சுருங்கியது. வீடியோ ரெக்கார்டரின் படத்தை மூன்றாம் அல்லது நான்காம் அலைவரிசையாக மாற்றி மற்ற அறைகளுக்கு அனுப்ப முடிந்ததெனினும், எல்லா அறைகளிலும் ஒரே படம்தான் ஓடியது. 1984 ஜனவரியில், பிறகு பார்ப்பதற்காக வீட்டில் நிகழ்ச்சியைப் பதிவுசெய்வது சட்டத்துக்கு உட்பட்டதே என்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பதிவுசெய்ததை அடுத்த அறைக்கும் அடுத்த வீட்டுக்கும் அனுப்பலாமா என்ற கேள்வி அன்று எழவில்லை.

அந்தக் கேள்வியை எழுப்பியது ஹார்ட் டிஸ்க். 1999இல் டிவோ, ரீப்ளே டிவி என்னும் இரு கருவிகள் நாடாவுக்குப் பதிலாக ஹார்ட் டிஸ்க்கில் நிகழ்ச்சிகளைப் பதியும் முறையைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 2001இல் வெளிவந்த ரீப்ளே டிவி 4000 வரிசையில், கணினிகளை இணைக்கும் ஈதர்நெட் வசதி இருந்தது. ஓர் அறையில் பதிந்ததை வேறோர் அறையிலுள்ள ரீப்ளே டிவியில் பார்க்கவும், இணையம் வழியாக வெளியூரில் உள்ளவருக்கு அனுப்பவும், விளம்பரங்களைத் தானாகவே தாண்டவும் அது இடமளித்தது. பெரும் திரைப்பட நிறுவனங்களும் தொலைக்காட்சி நிறுவனங்களும் உடனே வழக்குத் தொடுத்தன. தயாரிப்பாளரான சோனிக்புளூ 2003 மார்ச்சில் திவால் பாதுகாப்புக் கோரியது. புதிய உரிமையாளரின் கையில் வந்த அடுத்த வரிசையில் வெளியே அனுப்பும் வசதியும் விளம்பரம் தாண்டும் வசதியும் நீக்கப்பட்டன. ஆனால் அறைக்கு அறை பகிரும் வசதி தப்பியது. வீட்டின் சுவர் எல்லை, பகிர்வின் நடைமுறை எல்லையாகவும் ஆன தருணம் அது.

2003 ஜூனில் சோனி, இன்டெல், மைக்ரோசாஃப்ட் முதலிய நிறுவனங்கள் கூடி அமைத்து, மறு ஆண்டு டிஎல்என்ஏ எனப் பெயர் மாற்றிய கூட்டமைப்பு, கோப்பைச் சேமித்து வழங்கும் கருவியும் அதைப் பெற்றுக் காட்டும் கருவியும் வெவ்வேறு நிறுவனங்களுடையவையானாலும் ஒன்றையொன்று கண்டுகொள்ளப் பொது விதிகளை வகுத்தது. எனினும் வழி குறுகலாக இருந்தது: அமெரிக்க டிஜிட்டல் ஒளிபரப்பின் ஓர் அலைவரிசை விநாடிக்கு 19 மெகாபிட்டுக்கு மேல் சுமக்கக்கூடியது, 1999 முதல் வீடுகளில் பரவிய வை-ஃபை தரமோ ஏட்டளவிலேயே 11 மெகாபிட்தான். கட்டி முடித்த வீட்டில் புதிய கம்பி பதிக்கச் சுவரை உடைக்கவும் யாரும் விரும்பவில்லை.

எனவே பொறியாளர்களின் பார்வை பழைய கோஆக்சியல் கம்பியின் மேல் திரும்பியது. 2004இல் அமைந்த மோக்கா என்னும் கூட்டமைப்பு, கேபிள் அலைவரிசைகள் பயன்படுத்தாமல் விட்ட உயர் அதிர்வெண்களில், அதே கம்பிக்குள் வீட்டின் தரவையும் செலுத்தும் முறையைத் தரப்படுத்தியது. ஓர் அறைக்குச் செல்லும் அலை இன்னோர் அறையின் அலையைக் குலைக்காதிருக்க, ஸ்பிளிட்டரின் கிளைகள் ஒன்றிலிருந்து ஒன்று வேண்டுமென்றே தனிமைப்படுத்தப்பட்டிருந்தன; புதிய முறைக்கோ கிளையிலிருந்து கிளைக்குத் தாவியாக வேண்டியிருந்தது. தரவை நூற்றுக்கணக்கான நுண் அதிர்வெண்களில் பிரித்து, தடை மிகுந்தவற்றில் குறைவாகவும் தெளிவானவற்றில் மிகுதியாகவும் ஏற்றியதன் மூலம் அந்தச் சிக்கல் தீர்ந்தது. வீட்டின் தரவு அண்டை வீட்டுக்குக் கசியாதிருக்க, கம்பி நுழையும் இடத்தில் ஒரு வடிகட்டி பொருத்தப்பட்டது. 2005இல் டெக்சஸ் மாநிலத்தின் கெல்லரில் ஒளியிழைத் தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிய வெரைசன், வீட்டு வாசல்வரை ஒளியிழையையும் வாசலுக்கு உள்ளே இந்தப் பழைய கம்பியையும் பயன்படுத்தியே பல அறைப் பதிவுப் பெட்டியை வழங்கியது.

டிஎல்என்ஏ 2017இல் கலைக்கப்பட்டது. ரீப்ளே டிவி இன்று இல்லை. செட்டாப் பாக்ஸின் இடத்தை இணையச் செயலிகள் பிடித்துவருகின்றன. கருவிகளுக்குப் பத்தாண்டு ஆயுள். சுவருக்குள் பதித்த கம்பியோ இரண்டு தலைமுறைக்கு உழைக்கிறது. 1990களில் கேபிள் டிவியோடு அதே கோஆக்சியல் கம்பியைப் பெற்ற தமிழ்நாட்டு வீடுகளுக்கும் இந்தப் பாடம் பொருந்தும். புதிதாக வீடு கட்டுவோர் எந்தப் பெட்டியை வாங்குவது என்று ஆராய்வதற்கு முன், பூச்சு வேலை தொடங்கும் முன்பே ஒவ்வோர் அறைக்கும் ஒரு வெற்றுக் குழாயைச் சுவருக்குள் பதித்து வைக்க வேண்டும். நாளை எந்தக் கம்பி வந்தாலும் அதற்கு அந்த வழி போதும்.