வண்ணத்துப்பூச்சி (இலங்கை அரசியல் வசைச்சொல்)

வண்ணத்துப்பூச்சி (சிங்களம்: சமனலயா) என்பது இலங்கையில் தன்பாலீர்ப்புடைய ஆண்களை இழித்துரைக்கச் சிங்களப் பேச்சுவழக்கில் பயன்படும் சொல் ஆகும். 2018 நவம்பரில் அப்போதைய சனாதிபதி மைத்திரிபால சிறிசேன தம் அரசியல் எதிராளிகளைக் குறித்து இதனைப் பொதுமேடையில் பயன்படுத்தியதால் இச்சொல் நாட்டுக்கு வெளியிலும் அறியப்பட்டது. தன்பாலீர்ப்பை மேற்கத்திய இறக்குமதியாகக் காட்டி, எதிராளியை மண்ணுக்கு அந்நியராகச் சித்திரிக்கும் அரசியல் பேச்சுமுறையுடன் இது தொடர்புடையது.

சொல்

தமிழ்நாட்டில் இப்பூச்சியைப் பட்டாம்பூச்சி என்றே பெரும்பாலும் அழைப்பர். தஞ்சாவூரில் இருந்து படிக்கும் ஒருவருக்கு இப்பெயரில் வசை எதுவும் தென்படாது. சிங்களத்திலும் இதன் நேர்ப்பொருள் பூச்சியே. சிவனொளிபாதமலைக்குச் சமனல கந்த என்னும் சிங்களப் பெயர் உண்டு. வசைப்பொருள் வழக்கில் ஏறியதாகும். பேசுபவருக்கு இதில் ஒரு வசதி உண்டு. வெளிப்படையாகக் குற்றம் சாட்டினால் ஆதாரம் கேட்கப்படும். பூச்சியின் பெயரைச் சொன்னால் கூட்டம் சிரிக்கும். சிரிப்புக்கு எவரும் ஆதாரம் கேட்பதில்லை.

2018 பேச்சு

2018 அக்டோபர் 26 அன்று சிறிசேன, பிரதமர் ரணில் விக்கிரமசிங்கவைப் பதவி நீக்கி மகிந்த ராசபக்சவைப் பிரதமராக நியமித்தார். இரு நாட்களுக்குப் பின் நாட்டு மக்களுக்கு ஆற்றிய உரையில், விக்கிரமசிங்கவும் அவருக்கு நெருக்கமானவர்களும் மக்களின் நாடித்துடிப்பை அறியாத மேட்டுக்குடியினர் எனவும், தமக்கும் அவருக்கும் இடையே பண்பாட்டு வேறுபாடு உண்டு எனவும் கூறினார். நவம்பர் 5 அன்று நாடாளுமன்றத்துக்கு அருகே நடந்த பேரணியில், அவர்கள் நாட்டைவிட வண்ணத்துப்பூச்சி வாழ்க்கையையே பெரிதாகக் கருதினர் என்னும் பொருள்படப் பேசினார்.

கொழும்பின் ஆங்கிலம் பேசும் மேல்தட்டைச் சேர்ந்தவர், மேற்குலகின் ஆள் என்பன விக்கிரமசிங்க மீது சிங்களத் தேசியவாதிகள் நெடுங்காலமாகச் சுமத்திவந்த பழிகள் ஆகும். வண்ணத்துப்பூச்சி என்ற ஒரு சொல் அவையனைத்தையும் நினைவூட்டப் போதுமானதாக இருந்தது. (குறிவைக்கப்பட்டவர்களின் தனிவாழ்வு எத்தகையது என்பது இங்கு பொருட்டல்ல; இவ்வகை வசைக்கு அது தேவைப்படுவதுமில்லை.) பண்பாட்டுக் காவலராகச் சிறிசேன பேசியது இது முதல்முறையன்று. 2015 டிசம்பரில் கொழும்பில் நடந்த என்ரிக் இக்லேசியாசின் இசைநிகழ்ச்சியை ஏற்பாடு செய்தவர்களைத் திருக்கை வாலால் அடிக்கவேண்டும் என அவர் கூறியிருந்தார்.

அதுவரை நிதியமைச்சராக இருந்த மங்கள சமரவீர, அட்டையாக இருப்பதைவிட வண்ணத்துப்பூச்சியாக இருப்பதே மேல் என டுவிட்டரில் பதிலளித்தார். வசையை மறுக்காமல் ஏற்றுக்கொண்டு திருப்பியடித்த இம்மறுமொழி பரவலாகப் பகிரப்பட்டது. நாடாளுமன்றக் கலைப்பு அரசியலமைப்புக்கு முரணானது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், டிசம்பர் 16 அன்று விக்கிரமசிங்க மீண்டும் பிரதமரானார்.

எது இறக்குமதி?

இலங்கையில் தன்பால் உறவைக் குற்றமாக்கிய சட்டமே மேற்கிலிருந்து வந்தது. பிரித்தானிய ஆட்சியில் இயற்றப்பட்ட 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 365ஆம் பிரிவு, 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் 377ஆம் பிரிவை ஒட்டியது. 365அ பிரிவு ஆண்களுக்கிடையிலான ஒழுக்கக்கேடான செயலைத் தண்டித்தது. விடுதலை பெற்ற இலங்கையின் நாடாளுமன்றம் 1995இல் இப்பிரிவைத் திருத்தியபோது அதனை நீக்கவில்லை. "ஆண்" என்பதை "ஆள்" என மாற்றியதால் பெண்களும் அதனுள் அடங்கினர். இங்கிலாந்திலும் வேல்சிலும் இத்தகைய சட்டம் 1967இலேயே தளர்த்தப்பட்டுவிட்டது. ஆகவே பண்பாட்டின் பெயரால் காக்கப்படுவது விக்டோரியா காலத்து ஆங்கிலேயரின் ஒழுக்கமே எனலாம்.

சிறிசேனவின் பேச்சுக்கு இரு மாதங்கள் முன்பு, 2018 செப்டம்பர் 6 அன்று, இந்திய உச்ச நீதிமன்றம் வயதுவந்தோர் இசைந்து கொள்ளும் உறவு 377ஆம் பிரிவின்கீழ் குற்றமாகாது எனத் தீர்ப்பளித்தது. எனினும் இந்தியாவிலும் இவ்வகைப் பேச்சு புதிதன்று: 1998இல் தீபா மேத்தாவின் 'ஃபயர்' திரைப்படத்தை இந்தியப் பண்பாட்டுக்கு மாறானது எனக் கூறி மும்பையிலும் தில்லியிலும் சிவசேனையினர் திரையரங்குகளைத் தாக்கினர்.

சிம்பாப்வேயில் ராபர்ட் முகாபே 1995 முதல் இவ்வாறு பேசிவந்தார். உருசியாவில் ஐரோப்பாவை இழித்துரைக்கக் "கேரோப்பா" என்ற சொல்லே உருவானது.

பின்னிகழ்வுகள்

2023இல் 365, 365அ பிரிவுகளைத் திருத்தும் தனிநபர் சட்டமூலத்தை நாடாளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்த கொண்டுவந்தார். அவர் ராசபக்சக்களின் பொதுசன முன்னணியைச் சேர்ந்தவர் என்பது குறிப்பிடத்தக்கது. சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என உயர் நீதிமன்றம் அவ்வாண்டு மே மாதம் முடிவுசெய்தது. சாதாரணப் பெரும்பான்மையே போதுமானதாயிருந்தது. அப்போது சனாதிபதியாக இருந்தவர் ரணில் விக்கிரமசிங்க. 2024 செப்டம்பரில் நாடாளுமன்றம் கலைக்கப்படும்வரை சட்டமூலம் நிறைவேறவில்லை.