கல்லறையில் பிறந்த எழுத்து



ஒரு நாளைக்கு எத்தனையோ எழுத்துகளை வாசிக்கிறோம். அவற்றை வரைந்த கையை நாம் நினைப்பதில்லை. இன்று ‘ஒப்டிமா’ என்ற ஆங்கில அச்செழுத்தின் வரலாற்றைப் பார்ப்போம்.

வரைந்தவர் ஜேர்மனியின் ஹெர்மன் சாப்ஃப் (1918–2015). மின்பொறியியல் படிக்க ஆசைப்பட்டவர். தொழிற்சங்கத்தில் ஈடுபட்டிருந்த தந்தை 1933இல் நாஜி ஆட்சியில் வேலையிழந்து, டாக்காவ் முகாமிலும் அடைக்கப்பட்டார். அதனால் மகனுக்குத் தொழில்நுட்பக் கல்லூரியின் கதவு மூடப்பட்டது. அச்சுப் படங்களைத் திருத்தும் தொழில் பழகப் போனார். 1935இல் ஓர் எழுத்தணிக் கண்காட்சியைப் பார்த்தவர், புத்தகங்களை வைத்துத் தானாகவே எழுதிப் பழகினார்.

1950இல் இத்தாலி சென்றபோது, ஃபுளோரன்ஸ் நகரின் சாந்தா குரோச்சே தேவாலயத் தரையில் பதித்திருந்த பழைய கல்லறைக் கற்களின் எழுத்துகள் அவரைக் கவர்ந்தன. கையில் தாள் இல்லை. பையிலிருந்த 1,000 லீரா நோட்டிலேயே வரைந்துகொண்டார்.

ஆங்கிலப் புத்தக எழுத்துகளின் முனைகளில் பொதுவாகச் சிறு கொடுக்கு இருக்கும். கோடுகள் தடித்தும் மெலிந்தும் வரும். பெயர்ப்பலகை எழுத்துகளில் கொடுக்கு இராது. கோடுகள் பெரும்பாலும் ஒரே தடிப்பு. ஒப்டிமாவில் கொடுக்கு இல்லை, ஆனால் தடிப்பும் மெலிவும் உண்டு. கோடு நடுவில் சற்று ஒடுங்கி, முனைகளில் மெல்ல விரியும். அறபு எழுத்தணியில் கலம் தரும் தடிப்பையும் மெலிவையும் பார்த்துப் பழகிய நமக்கு இந்த அழகு எளிதில் பிடிபடும்.

1958இல் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஸ்டெம்பெல் நிறுவனம் அதை வெளியிட்டது. ‘ஒப்டிமா’ என்ற பெயர் விற்பனைக்காக நிறுவனம் வைத்தது. சாப்ஃப் விரும்பிய பெயர் வேறு. இதே மனிதர் 1956இல் ‘அல்அஹ்ராம்’ என்ற அறபு அச்செழுத்தையும் வரைந்தவர். பல ஆண்டுகளின் பின், லெபனானைச் சேர்ந்த நதீன் ஷாஹீனுடன் சேர்ந்து அதை அடியாகக் கொண்டு ‘பலத்தீனோ அறபு’ எழுத்துருவை உருவாக்கினார்.

வாசனைத் திரவியப் பெட்டிகளுக்கும் அழைப்பிதழ்களுக்கும் பொருந்தும் இந்த எழுத்து, 1982இல் வொஷிங்டனின் வியட்நாம் போர் நினைவுச் சுவரில் ஏறியது. அச்சுவரை வடிவமைத்தபோது மாயா லின் 21 வயது மாணவி. கறுப்புக் கருங்கல்லில் இன்று 58,000க்கும் மேற்பட்ட பெயர்கள். பதவி இல்லை, பட்டம் இல்லை. ஜெனரலுக்கும் சாதாரணச் சிப்பாய்க்கும் ஒரே அளவு எழுத்து. அதே போரில் மாண்ட இலட்சக்கணக்கான வியட்நாமியரின் பெயர்கள் அங்கே இல்லை என்பதையும் நாம் மறக்கக்கூடாது. எந்தப் பெயரை எழுதுகிறோம் என்பதும் ஒரு தீர்ப்புத்தான்.

கல்லறைக் கல்லில் கண்ட எழுத்து, மீண்டும் இறந்தவர்களின் பெயர்களைச் சுமக்கப் போனது. அது தன்னைக் காட்டிக்கொள்ளவில்லை; பெயரை வாசிக்கவிட்டது.

நமது ஜனாஸா அறிவித்தல்களைக் கொஞ்சம் பாருங்கள். பூ, நிழல், மினுக்கம், நான்கு நிறம். அவற்றுக்குள் மௌத்தானவரின் பெயரைத் தேடவேண்டியிருக்கிறது. வயதான ஒருவர் கண்ணாடி இல்லாமலே வாசிக்கக்கூடிய தெளிவான எழுத்தில் அந்தப் பெயரை எழுதுவோமே. அதுவும் நாம் அவருக்குச் செய்யும் ஒரு மரியாதை.