ஒரு செதுக்கோவியரின் இரு சித்திரங்கள்

தலையங்கம் பல பத்திகளிற் சொல்வதைக் கேலிச்சித்திரம் சில கோடுகளிற் சொல்லிவிடும். பத்திரிகைத்துறையில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற வகையில் இதனை நான் நன்கறிவேன். ஜேர்மனியச் செதுக்கோவியர் யொஹான் மைக்கேல் வோல்ட்ஸின் இரு சித்திரங்கள் இதற்குச் சான்றாகும்.

1784 ஆம் ஆண்டு நோர்ட்லிங்கன் நகரிற் பிறந்த வோல்ட்ஸ், ஓக்ஸ்பேர்க்கில் செப்புத்தகட்டிற் செதுக்கும் கலையைப் பயின்றார். புகைப்படம் இல்லாத காலம் அது. தகட்டிற் செதுக்கி, தாளில் அச்சிட்டு, கையால் வண்ணந்தீட்டி விற்கப்பட்ட தனித்தாள்களிலேயே மக்கள் உலக நடப்புகளைக் கண்டனர்.

அத்தொழில் உயிராபத்து மிக்கதாகவும் இருந்தது. நெப்போலியனின் ஆதிக்கத்தைச் சாடிய துண்டுநூலொன்றை வெளியிட்டமைக்காக, நூரம்பேர்க் புத்தக வணிகர் யொஹான் பிலிப் பாம் 1806 இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1813 ஒக்டோபரில் லைப்சிக் போரில் நெப்போலியன் தோற்றதும் அந்த அச்சம் அகன்றது. அதையடுத்துப் பேர்லினில் ஹென்ஷெல் சகோதரர்கள் வெளியிட்ட ஒரு படம் ஐரோப்பாவெங்கும் பரவியது. அதன் மூலச்சித்திரம் வோல்ட்ஸினுடையது என்பதே பரவலான கருத்து. தொலைவிலிருந்து நோக்கினால் அது நெப்போலியனின் முகம். அருகிற் சென்று பார்த்தால், முகம் முழுவதும் பிணங்கள். தொப்பி பிரஷ்யக் கழுகு. கழுத்துப்பட்டி குருதியாறு. மேலங்கி அவன் இழந்த நிலங்களின் வரைபடம். மார்பிலுள்ள பதக்கம் ஒரு சிலந்திவலை. தோளணியாக அமைந்த கையொன்று அந்த வலையை அறுக்கிறது. இலண்டனிலும் அப்படம் மறுபதிப்பாயிற்று.

கொடுங்கோலன் வீழ்ந்தான். ஆயின், அவனது ஆட்சிக்காலத்தில், 1811 இல், பிராங்பேர்ட் யூதர்கள் பெற்ற சமவுரிமையும் அவனோடு வீழ்ந்தது. தேசிய உணர்வு பொங்கிய அதே மண்ணில், 1819 ஓகஸ்டில் வூர்ட்ஸ்பேர்க்கில் யூதர்களுக்கு எதிரான வன்செயல்கள் வெடித்துப் பல நகர்களுக்குப் பரவின. தாக்கியோர் எழுப்பிய கூச்சலைக் கொண்டு வரலாறு அவற்றை 'ஹெப்-ஹெப்' கலவரம் என்கிறது.

பிராங்பேர்ட் சம்பவங்களையும் வோல்ட்ஸ் சித்திரித்தார். கவையும் துடைப்பமுமாக இரு குடியானவப் பெண்கள் ஒரு யூதரைத் தாக்குகின்றனர். அருகே, மூக்குக்கண்ணாடியும் நேர்த்தியான மேலங்கியும் அணிந்த ஒருவன் இன்னொரு யூதரின் கழுத்தைப் பற்றித் தடியை ஓங்குகிறான். என் கண் எப்போதும் அவன் மீதே நிலைக்கும். வன்செயல்களைப் பாமரக் கும்பலின் செயலென்று தள்ளிவிடுவது படித்தோர் வழக்கம். அந்தக் கண்ணாடிக்காரன் அதற்கு இடந்தரவில்லை.

அதே ஆண்டு செப்டெம்பரில், கார்ள்ஸ்பாட் தீர்மானங்கள் ஜேர்மனிய அச்சுலகின் மீது முன்தணிக்கையைச் சுமத்தின. பாமைக் கொன்ற பேரரசன் தொலைதீவிற் சிறையிருந்தான். வாயடைக்கும் பணியை அவனை வென்ற மன்னர்கள் மேற்கொண்டனர்.

வோல்ட்ஸ் 1858 இல் பிறந்த ஊரிலேயே காலமானார். பகைவனின் கொடுமையை வரைபவனுக்குக் கைதட்டல் கிடைக்கும். தன் மக்களின் கொடுமையை வரைவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். அவரது இரண்டாவது சித்திரத்தையே நான் பெரிதென மதிக்கிறேன்.