விதைத்தவர் பொறுமை

ஓர் ஐப்பசியில் இராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குச் சென்றுகொண்டிருந்தேன். மானாவாரி நிலத்தில் விதைத்துவிட்டு வானத்தை நோக்கி நின்றார் ஓர் உழவர். அவரைக் கண்டதும், இவ்வட்டாரத்தில் அவ்வாறே காத்திருந்த வேறொருவர் என் நினைவுக்கு வந்தார். அவர் தாமஸ் கஜெட்டன் ராக்லண்டு.

1815-இல் ஜிப்ரால்டரில் பிறந்த அவர், கேம்பிரிட்ஜில் கணிதம் கற்று, கார்ப்பஸ் கிறிஸ்டி கல்லூரியில் பெல்லோ பதவி பெற்றவர். 1846-இல் சர்ச் மிஷனெரி சங்கப் பணிக்காகச் சென்னை வந்து, பின்னர் அதன் செயலாளரானார். அந்நாளில் தென் திருநெல்வேலியில் சபைகள் பெருகியிருந்தன. வடக்கே மிகச் சிலவே. 1854-இல் அலுவலகப் பொறுப்பைத் துறந்து, பென், மெடோஸ் என்னும் தோழர்களுடன் சிவகாசி வட்டாரத்து ஊர்களில் கூடாரமடித்துத் தங்கினார். தெற்கத்திச் சபைகளும் உபதேசிமாரை முறைவைத்து அனுப்பி உதவின.

கண்ணுக்குத் தெரிந்த பலன் சொற்பமே. உடலோ நலிந்தது. 1858 அக்டோபர் 22-ஆம் நாள், 43-ஆம் வயதில், சிவகாசியில் மறைந்தார். அதுவும் ஐப்பசி, கரிசலில் விதைப்புக் காலம்.

நிலத்தில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றிய இயேசுபெருமானின் வாக்கே அவருக்கு வழிகாட்டி. பொறுமையென்றால் கைகட்டியிருத்தல் என்று நான் நெடுநாள் எண்ணியிருந்தேன். ராக்லண்டோ நாள்தோறும் ஊர் ஊராக நடந்தார். விளைச்சலை மட்டும் ஆண்டவரிடம் விட்டார். இன்று அவ்வட்டாரத்தில் சபைகள் உள்ளன. அவர் அவற்றைக் காணவில்லை.

மாலையில் நான் திரும்பியபோதும் மழையில்லை. அவ்வுழவர் வரப்பைச் செப்பனிட்டுக்கொண்டிருந்தார்.