கோவளத்துக் கல்லறையும் நம் பாட்டன்மாரும்

சென்னையிலிருந்து மாமல்லபுரம் நோக்கிச் செல்லும் கடற்கரைச் சாலையில் கோவளம் என்னும் ஊர் உண்டு. அங்குள்ள கார்மேல் மாதா கோயிலை அறியாத கத்தோலிக்கர் நம் செங்கற்பட்டுச் சீமையில் அரியர். 1808-ஆம் ஆண்டில் அக்கோயிலைக் கட்டுவித்தவர் ஜான் டி மான்டி என்னும் போர்த்துக்கீசிய வணிகர். 1821-இல் அவர் இறந்தபோது சென்னை நகரத்தில் அடக்கம் செய்யாமல், தாம் எழுப்பிய இந்தக் கோயிலிலேயே அடக்கம் செய்தார்கள். அவருடைய திரண்ட சொத்துக்கு வாரிசாகப் பிள்ளை எவரும் எஞ்சவில்லை. ஆகவே அது தர்மத்துக்கென்று மயிலைத் திருச்சபையின் பொறுப்பில் சேர்ந்தது. மடியில் வைத்துக் கொஞ்சப் பேரப்பிள்ளை இல்லாமற்போன அந்த மனிதர், முன்பின் அறியாத எத்தனையோ ஏழைப் பிள்ளைகளுக்குப் பாட்டனாரானார் என்று சொல்லலாம். நம் ஊர் வழக்கப்படி ஞானஸ்நானம் பெற்றிருந்தால் அவரை அருளப்பன் என்றே அழைத்திருப்போம்.

இன்று அவர் பெயரைச் சொன்னால் நம் இளைஞருக்கு நினைவுக்கு வருவது எது? பேய். சென்னை ஆழ்வார்பேட்டையில் அவர் பெயரால் வழங்கும் குடியிருப்பை வைத்து 2015-இல் ஒரு திரைப்படம் வந்தது. 2024-இல் அதன் இரண்டாம் பாகமும் வந்தது. படம் எடுப்போர் பிழைப்புக்காக எடுக்கிறார்கள். அவர்கள்மேல் நமக்கு வழக்கில்லை. ஆயினும் கோயில் கட்டி, உடைமையை ஏழைகளுக்கென்று விட்டுச் சென்ற ஒரு முதியவரை இரத்தம் குடிக்கும் ஆவியாக நம் பிள்ளைகள் அறிந்திருக்கிறார்களே, அவருக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்ல அறிந்தவர் எத்தனை பேர்? நினைவுகூர ஆளில்லாத பாட்டனாருக்கு நேர்வது இதுதான். யார் எந்தக் கதை கட்டினாலும் "அவர் அப்படிப்பட்டவர் அல்லர்" என்று சொல்ல வீட்டில் ஒருவரும் இருப்பதில்லை.

பேரன் என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வோம். பெயரன் என்பதே பேரன் என்றாயிற்று; பெயர்த்தி பேத்தியானாள். பாட்டன் பெயரைத் தாங்குகிறவன் பெயரன். இந்தத் தமிழ் வழக்கம் நம் முன்னோர் வேதத்தில் சேர்ந்தபோதும் அறுபடவில்லை. பாட்டனார் இராயப்பன் என்றால் பேரனும் இராயப்பன்; சூசை, இன்னாசி, சவரிமுத்து, சந்தியாகு, சின்னப்பன் எல்லாம் இப்படியே தலைமுறை தாண்டி வந்த பெயர்கள். மருமகள் மாமனார் பெயரை உச்சரிக்கலாகாது என்பதால், பிள்ளையை "பெரியவரே" என்று கூப்பிட்ட வீடுகளும் உண்டு! அருளப்பர் பிறந்தபோதும் உறவினர் இந்த வழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள் என்று லூக்காஸ் நற்செய்தியில் படிக்கிறோம். உன் சுற்றத்தில் இப்பெயர் கொண்டவர் யாரும் இல்லையே என்று எலிசபெத்தம்மாளிடம் வாதாடினார்கள். இன்று ஞானஸ்நானத்துக்கு வரும் பெற்றோர் கொண்டுவரும் பெயர்களில் சில எந்த மொழியென்றே நமக்கு விளங்குவதில்லை. பெயர் வைப்பது அவரவர் உரிமை. முதற்பெயராக இல்லாவிட்டாலும், தாத்தாவின் பெயரை ஞானஸ்நானப் பெயராகவேனும் எழுதுங்கள் என்று நாம் கேட்பதுண்டு. சிலர் இசைவார்கள்.

நம் ஆண்டவருக்கும் தாத்தா பாட்டி இருந்தார்கள். சுவக்கீன், அன்னம்மாள் என்னும் அவர்கள் பெயர் வேதாகமத்தில் இல்லை. இரண்டாம் நூற்றாண்டில் எழுந்த, யாகப்பர் பெயரால் வழங்கும் பழைய நூலொன்றிலிருந்தே அதை அறிகிறோம். திருச்சபை அந்நூலை வேதாகமத்தில் சேர்க்கவில்லை. பெயர்களை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டது. முன்னர் தனித்தனியே கொண்டாடிய இருவர் திருநாளும் 1969-இல் நாள்காட்டியைத் திருத்தியபோது ஜூலை 26 என்று ஒன்றாயின. பிரான்சிஸ் பாப்பரசர் 2021-இல், அத்திருநாளை ஒட்டி வரும் ஜூலை மாத நான்காம் ஞாயிற்றைத் தாத்தா பாட்டியர், முதியோர் ஆகியோரின் உலக நாளாக ஏற்படுத்தினார்.

அது உயிரோடிருப்பவர்களுக்கு. இறந்தவர்களுக்கு நாம் செய்யும் கடமையோ மிகப் பழமையானது. போரில் மாண்ட தம் வீரர்களின் பாவப் பரிகாரத்துக்கென்று யூதா மக்கபே பணம் திரட்டி யெருசலேமுக்கு அனுப்பியதை மக்கபேயர் இரண்டாம் ஆகமம் கூறுகிறது. 387-இல் ஒஸ்தியா துறைமுகத்தில் மரணப்படுக்கையில் கிடந்த மோனிக்கம்மாள், தம் உடலை எங்கே புதைத்தாலும் கவலையில்லை, ஆண்டவருடைய பீடத்தில் தம்மை நினைத்தால் போதும் என்று பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டதை அகுஸ்தீனாரே எழுதி வைத்திருக்கிறார். க்ளூனி மடத்து அதிபர் ஓடிலோ, பத்தாம் நூற்றாண்டின் இறுதியில், மரித்த விசுவாசிகள் அனைவர்க்காகவும் நவம்பர் 2-ஆம் நாளைக் குறித்தார். முதல் உலகப்போரில் பிணங்கள் குவிந்துகொண்டிருந்த 1915-இல், அந்நாளில் ஒவ்வொரு குருவும் மூன்று பூசை வைக்கலாம் என்று பதினைந்தாம் ஆசீர்வாதப்பர் உத்தரவு கொடுத்தார். கறுப்பு உடுப்பும், கறுப்புத் துணி போர்த்த வெற்றுத் தூம்பாவும், லத்தீன் பாட்டுமாக நடந்த அந்த நாட்களின் பூசையைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அடக்கச் சடங்கில் உயிர்ப்பின் நம்பிக்கை தெளிவாகத் தெரியவேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் பணித்தபின் அவை மெல்ல மறைந்தன. தமிழில் செபிக்கக் கிடைத்த பாக்கியம் பெரிதே. ஆனாலும் மரணத்தின் முன் மனிதர் வாயடைத்து நிற்கும் அந்தப் பழைய அமைதி, ஒலிபெருக்கி வந்தபின் குறைந்துதான் போயிற்று.

மோனிக்கம்மாளின் வார்த்தையை நாம் விசேஷமாகக் குறிப்பிடக் காரணம் உண்டு. தாத்தாவுக்குப் பளிங்குக் கல்லறை கட்டும் குடும்பங்கள் பெருகி வருகின்றன. அன்பினால் கட்டுகிறார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தை ஒட்டியுள்ள சதுரங்கப்பட்டினத்துக்கு ஒருமுறை போய் வாருங்கள். டச்சுக்காரர் கட்டிய கோட்டைக்குள் அவர்களுடைய கல்லறைகள் உள்ளன. குடும்பச் சின்னமும் எழுத்துமாக எவ்வளவு நேர்த்தியான சிற்ப வேலை! தொல்லியல் துறை அவற்றைக் காத்து வருகிறது. சுற்றுலா வருவோர் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பெயர்களை வாசித்து, இவர் எங்கள் பாட்டனார் என்று சொல்ல அங்கே ஒருவரும் இல்லை. கல் நிற்கிறது.

கல்லறை பற்றிப் பேசுகையில் இதையும் மறைக்கலாகாது. மரித்தபின்னும் சாதி பார்த்துக் கல்லறையைப் பிரித்த கேடு தமிழகத் திருச்சபையில் உண்டு. திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்துச் சுவர் ஊரறிந்தது. இந்திய ஆயர் பேரவை 2016 டிசம்பரில் தலித் மக்களுக்கான கொள்கையை வெளியிட்டு, திருச்சபைக்குள் சாதிப் பாகுபாடு பாவம் என்று கண்டித்தது. ஒருவருடைய தாத்தாவைச் சுவருக்கு அப்பால் கிடத்திவிட்டு, நவம்பர் 2-ஆம் நாளில் எல்லா ஆத்துமாக்களுக்காகவும் செபிக்க எப்படி நாவெழும்?

அண்மைக் காலத்தில் நம் பங்குகளைப் பெரிதும் வருத்தியது 2020, 2021 ஆகிய ஆண்டுகளின் கொள்ளைநோய். 2004 டிசம்பர் 26-இல் கடல் பொங்கி வந்து இக்கரையோரத்தில் உயிர்களை வாரிக்கொண்டு போனபோதும் அழுதோம். ஆனால் கூடி அழுதோம். கொரோனாவில் அதுவும் இல்லை. அடக்கத்துக்கு இருபது பேருக்கு மேல் கூடலாகாது என்றார்கள். நோயால் இறந்தவரின் முகத்தைக்கூட மூடிய பையில்தான் கொடுத்தார்கள். தாத்தாவின் கையை முத்திசெய்து, நெற்றியில் அவர் வரைந்த சிலுவையை வாங்கி வளர்ந்த பேரப்பிள்ளைகள் சாலையோரம் தள்ளி நின்றார்கள். மூன்றாம் நாள் மந்திரிப்பு இல்லை, முப்பதாம் நாள் பூசைக்கு ஆள் இல்லை. அவ்வாண்டு நவம்பர் 2-ஆம் நாளில் கூட்டம் சேரலாகாது என்று, கல்லறை சந்திப்பின் பலனை மாதம் முழுவதற்குமாக உரோமை விரித்துக் கொடுத்தது. அப்படியும் வர இயலாமற்போனவர்கள் பலர். சரியாக அனுப்பிவைக்கவில்லையே என்னும் பாரத்தைச் சுமந்துகொண்டு பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வருவோர் இன்றும் உண்டு. அது பாவமல்ல, துக்கம் என்று எடுத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. பூசைக்குக் காலம் கடந்துவிட்டது என்பது கிடையாது. கடவுளுக்கு முந்திய நாள் பிந்திய நாள் இல்லை. தாத்தா இறந்து நாற்பது ஆண்டாகியிருந்தாலும் அவருக்கென்று பூசை கேட்கலாம்.

அடக்கம் செய்தவுடன் மரித்தோர் பதிவேட்டில் எழுதவேண்டும் என்பது திருச்சபைச் சட்டம். அந்த ஒரு வரியே பல ஏழைகளுக்கு எஞ்சும் ஒரே எழுத்து. பட்டா இல்லை, புகைப்படம் இல்லை. ஆனால் அவ்வரியில் பெயரும் நாளும் இருக்குமே தவிர, மனிதர் இருக்கமாட்டார். அவர் எந்தக் கட்டுமரத்தில் போனார், எந்த ஏரிப் பாசனத்தில் உழுதார், ஜெபமாலையை எங்கே மாட்டி வைப்பார், யாருக்குக் கடன் கொடுத்துத் திரும்பக் கேட்காமல் விட்டார் என்பதெல்லாம் பாட்டிமாரிடம் மட்டுமே உள்ளன.

ஆகவே ஜூபிலி ஆண்டை முன்னிட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கோயில் அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பக்கம். தாத்தாவின் ஞானஸ்நானப் பெயர், வீட்டில் அழைத்த பெயர், அவரைப் பற்றி நீங்கள் அறிந்த ஒரு செய்தி இவற்றை எழுதித் தாருங்கள். எழுத வராதவர்கள் சொன்னால் உபதேசியார் எழுதிக்கொள்வார். நவம்பர் 2-ஆம் நாள் மாலைப் பூசையில் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிப்போம். நேரம் ஆகும், பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள். பட்டியலின் கடைசியில், கேட்பார் இல்லாதவர்களோடு சேர்த்து, கோவளத்து அருளப்பரையும் நாமே எழுதி வைத்திருக்கிறோம்.