வயிற்றைப் பார்க்க வந்த படம்

ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் 1895 நவம்பரில் இயற்பியலாளர் ராண்ட்ஜன் கண்டுபிடித்த எக்ஸ் கதிர், அடுத்த ஆண்டே ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரிக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்த ஜான் மெக்கின்டயர் முதலில் மின்சார வேலை கற்றவர். பிறகு தொண்டை மருத்துவரானார். 1896இல் அவர் ஒரு சிறுநீரகக் கல்லைப் படம் பிடித்தார். வயிற்று எக்ஸ்ரேயின் வாழ்க்கையை நான் அந்த நாளிலிருந்தே கணக்கிடுவேன். ஏனென்றால் அந்தப் படத்திடம் ஒரு கேள்வி கேட்கப்பட்டது: கல் இருக்கிறதா, இருந்தால் எங்கே?

கண்ணாடித் தகடு ஃபிலிம் ஆயிற்று. இருட்டறையும் விளக்குப் பெட்டியும் வந்தன. வந்த வேகத்தில் கேள்வி எங்கோ நழுவிவிட்டது. வயிற்று வலி என்று அவசரப் பிரிவுக்கு வந்தாலே படுத்து ஒன்று, நின்று ஒன்று என இரண்டு படம் எடுப்பது பல காலம் பிரிட்டனில் வழக்கமாக இருந்தது.

அந்தப் படத்துக்குத் தெரிவது கொஞ்சம்தான். காற்று கறுப்பு, கொழுப்பு கருஞ்சாம்பல், எலும்பும் சுண்ணாம்பேறிய கல்லும் வெள்ளை, உலோகம் பளீர் வெள்ளை. ஈரல், கணையம், குடல்வால், ரத்தம் எல்லாம் ஏறக்குறைய ஒரே சாம்பல். குடல்வால் வீங்கியிருந்தாலும் படம் பெரும்பாலும் சாதாரணமாகவே இருக்கும். பித்தக்கல் பத்துப் பேரில் ஒருவருக்கோ இருவருக்கோதான் தெரியும்.

குடல் அடைப்பில் அது இன்னும் பேசும். சிறுகுடலின் அகலம் 3 செ.மீ., பெருங்குடல் 6, அதன் தொடக்கப் பையான சீகம் 9. இந்த அளவைத் தாண்டிக் காற்றால் உப்பியிருந்தால் சந்தேகம் வலுக்கும். உப்பிய குடலில் காற்றுக்குப் பதில் நீர் நிறைந்திருந்தால் அங்கேயும் ஏமாற்றிவிடும். குடல் ஓட்டையாகிக் காற்று கசிந்ததா என்று பார்க்க வேண்டுமானால், நோயாளியைச் சற்று நேரம் நிமிர்ந்து உட்காரவைத்து எடுக்கும் நெஞ்சுப் படமே மேல்; உதரவிதானத்தின் அடியில் கறுப்புப் பிறை தெரியும்.

கதிர்வீச்சும் சும்மா இல்லை. ஒரு வயிற்றுப் படம் ஏறக்குறைய 0.7 மில்லிசீவெர்ட், முப்பதுக்கும் மேற்பட்ட நெஞ்சுப் படங்களுக்குச் சமம். எனக்கு அதைவிடப் பெரிய பயம், "படம் நார்மல்" என்ற சொல் தரும் நிம்மதி. குடலுக்கு ரத்தம் போகாமல் துடிக்கும் முதியவருக்கு முதல் சில மணி நேரம் படத்தில் எதுவுமே தெரியாமல் போகலாம். அந்த நிம்மதியில் வீட்டுக்கு அனுப்பப்பட்டால், இழந்த மணி நேரம் திரும்பாது.

1971 அக்டோபரில் லண்டன் அட்கின்சன் மார்லி மருத்துவமனையில் பொறியாளர் ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. ஸ்கேன் கருவி முதல் நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. அந்த சி.டி. பின்னாளில் வயிற்றுக்கும் வந்து, மெக்கின்டயரின் கல்லையும் தன்வசமாக்கிக்கொண்டது. கதிர்வீச்சு அதில் பல மடங்கு. ஆகவே இளையோருக்கும் கர்ப்பிணிகளுக்கும் முதலில் அல்ட்ராசவுண்டை நினைப்பதே முறை. பிரிட்டனின் கதிரியக்க மருத்துவர் கல்லூரி 1989 முதலே எந்த நோய்க்கு எந்தப் படம் என்று வழிகாட்டி வெளியிட்டு வருகிறது.

மெக்கின்டயர் 1896இல் எடுத்த இன்னொரு படம், ஒரு குழந்தையின் உணவுக்குழாயில் சிக்கிய அரைப் பென்னி நாணயம். சாதாரண எக்ஸ்ரே இன்றும் முந்திக்கொண்டு ஓடும் இடம் அதுதான். குழந்தை எதையோ விழுங்கிவிட்டது என்றால் கழுத்திலிருந்து வயிறு வரை ஒரே படம். வட்டமாகத் தெரிவதன் ஓரத்தில் இரட்டை வளையம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அது நாணயமல்ல, பட்டன் பேட்டரி. உணவுக்குழாயை இரண்டு மணி நேரத்துக்குள் அரிக்கத் தொடங்கிவிடும்.